கரண்ட் பில்லுக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள்

எங்கள் குடியிருப்பில் மொத்தம் எட்டு வீடுகள். லிஃப்ட் கிடையாது. பொருளாளர் பதவி ஒவ்வொரு வீடாகச் சுற்றி வந்து 2022-இல் என் தலையில் விழுந்தது. பதவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பெருக்குகிற அம்மாவுக்குச் சம்பளம், தொட்டி கழுவ ஆள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பொது மீட்டருக்குக் கரண்ட் பில். மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் ஓடுகிற மீட்டர் அது. அந்த வருடம் செப்டம்பர் 10-ஆம் தேதி முதல் அதற்கு யூனிட் எட்டு ரூபாய் ஆனது.

சங்கக் கூட்டத்தில் முதல் மாடி சார் பிடித்துக்கொண்டார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பைசாவைக் கூட விடமாட்டார். "வீட்டுக்கு நூறு யூனிட் இலவசம். அதே வீட்டுக்குத் தண்ணி ஏத்துற மோட்டாருக்கு எட்டு ரூபாயா? யாரு சார் போட்டது இதை?" ஒழுங்குமுறை ஆணையம் என்றேன். "அதுல யாரு யாரு இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. எட்டு வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எம்.எல்.ஏ. பெயர் தெரியும், கவுன்சிலர் வீடு தெரியும். மாநிலம் முழுக்க ஒவ்வொரு மீட்டருக்கும் விலை வைக்கிறவர்கள் யார் என்பது மட்டும் தெரியாது. அந்த வெட்கத்தில்தான் சட்டத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999-இல் அமைந்தது. இப்போது கிண்டி தொழிற்பேட்டையில் சிட்கோ கட்டடத்தில் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி தலைவரையும் சேர்த்து அதிகபட்சம் மூன்று பேர். ஐந்து வருடப் பதவி, 65 வயதுக்கு மேல் இருக்க முடியாது, அதே பதவியில் மறுபடி நியமனம் கிடையாது. இறங்கிய பிறகு இரண்டு வருடம் எந்த வணிக நிறுவனத்திலும் வேலைக்குச் சேரக் கூடாது. தகுதியை 84-ஆவது பிரிவு சொல்கிறது: பொறியியல், நிதி, வணிகம், பொருளாதாரம், சட்டம், மேலாண்மை இவற்றில் அறிவும் திறமையும் காட்டியவர்களாக இருக்க வேண்டும். நேர்மையும் மதிப்பும் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

பட்டியல் அகலமாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைவர் நாற்காலிக்கு இதுவரை வந்தவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டே வாசல்கள். ஒன்று கோட்டை, அதாவது ஐ.ஏ.எஸ். இன்னொன்று அண்ணா சாலை, அதாவது மின்வாரியத்தில் உயர்பதவி வரை போன பொறியாளர்.

தேர்வு எப்படி நடக்கிறது? மூன்று பேர் கொண்ட குழு. தலைவராக முன்னாள் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், உறுப்பினராக மாநிலத் தலைமைச் செயலாளர், அப்புறம் டெல்லியிலிருந்து ஒருவர். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பெயரைக் கொடுப்பார்கள், மாநில அரசு ஒன்றை எடுத்துக்கொள்ளும். மின்வாரியம் யாருடையது? முழுக்க அதே மாநில அரசுடையது. கட்டணத்தை ஏற்றித் தா என்று மனுப் போடுவது அரசின் நிறுவனம். ஏற்றலாமா கூடாதா என்று சொல்பவரைத் தேர்ந்தெடுப்பதும் அரசு. மாப்பிள்ளை வீட்டாரே பஞ்சாயத்துக்கும் ஆள் அனுப்புகிற மாதிரி.

இதை எழுதும்போதே ஒரு நண்பர் கேட்பார் என்று தெரியும்: மின்வாரியத்தில் இருந்து வந்தால் என்ன தப்பு? தப்பே இல்லை என்பதுதான் என் பதில். சொல்லப்போனால் அந்த ஆள் கட்டாயம் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

இங்கே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் போகிறது. பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. ஆகவே விவசாயத்துக்கு ஒரு வருடத்தில் எத்தனை யூனிட் போனது என்பது அளந்த கணக்கு அல்ல. சில இணைப்புகளை மாதிரிக்கு எடுத்து, குதிரைத்திறனை வைத்துப் பெருக்கிப் போடுகிற மதிப்பீடு. வாங்கிய மின்சாரத்திலிருந்து மீட்டர் வழியாக விற்றதைக் கழி, விவசாயம் என்று எழுதியதைக் கழி, மிச்சம் இருப்பதுதான் மின் இழப்பு. விவசாயத்தின் பேரில் கொஞ்சம் தாராளமாக எழுதிவிட்டால் இழப்பு தானாகக் குறைந்து காட்டும், திருட்டும் பழைய கம்பியும் அந்த வரிக்குள் ஒளிந்துகொள்ளும். அரசு தர வேண்டிய மானியமும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. துணை மின்நிலையத்தில் லாக் புத்தகம் எழுதிய ஒருவருக்கு இந்தக் கணக்கின் எந்த வரியில் காற்றடித்திருக்கிறது என்று பார்த்தவுடனே தெரியும். பொருளாதாரப் பேராசிரியருக்கு அது பிடிபட ஒரு வருடம் ஆகும்.

ஆக, தெரிந்த ஆள் வேண்டும். முப்பது வருடம் தான் கையெழுத்துப் போட்ட கணக்கையே மேடையில் உட்கார்ந்து கேள்வி கேட்கிற மனசு அவருக்கு இருக்குமா என்பதுதான் சந்தேகம். சிலருக்கு இருக்கும். எல்லோருக்கும் இருக்கும் என்று நம்பி ஒரு அமைப்பைக் கட்ட முடியாது, அதனால்தான் மற்ற இரண்டு நாற்காலிகள்.

அதில் சட்ட நாற்காலிக்குத் தனிக் கதை உண்டு. ஆணையம் கட்டணம் மட்டும் போடுவதில்லை. மின்சாரம் விற்கிற கம்பெனிக்கும் மின்வாரியத்துக்கும் வழக்கு என்றால் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதும் அதுதான். பிள்ளைப்பெருமாநல்லூர் தனியார் மின்நிலையத்துக்கு மின்வாரியம் வைத்த பாக்கி விவகாரம் உச்சநீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட நீதிமன்ற வேலையைச் செய்யும் இடத்தில் நீதிபதி ஒருவர் இருப்பது நல்லது என்று 2014-இல் நீதிமன்றம் சொன்னது. குஜராத், தமிழ்நாட்டு வழக்குகளைச் சேர்த்து விசாரித்து 2018 ஏப்ரலில் இன்னும் தெளிவாக்கியது: தலைவர் நீதிபதியாக இருந்தே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் சட்டம் தெரிந்த உறுப்பினர் ஒருவர் கட்டாயம்.

கட்டாயம் என்று சொல்லி நான்கு வருடம் கழித்து என்ன நடந்தது? 2022 ஜூலை 18 அன்று கட்டண உயர்வை அமைச்சர் அறிவித்தார். ஆகஸ்டில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள். அப்போது சட்ட உறுப்பினர் இடம் காலி! நூற்பாலைக்காரர்கள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள், சட்ட உறுப்பினரை நியமிக்கும்வரை இறுதி உத்தரவு போடக் கூடாது என்று தனி நீதிபதி தடை விதித்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. செப்டம்பர் 10-ஆம் தேதி புதுக் கட்டணம் வந்துவிட்டது. உறுப்பினர் இடம் காலியாக இருப்பதாலேயே நடவடிக்கை செல்லாமல் போகாது என்று சட்டத்தின் 93-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டப்படி சரியாக இருக்கலாம். அவ்வளவு பெரிய உயர்வை எடுத்துக்கொண்டு வரும்போது அந்த ஒரு நாற்காலியை முன்கூட்டியே நிரப்பியிருக்கக் கூடாதா என்பது என் கேள்வி. எப்போது ஓய்வு பெறுவார் என்பது நியமிக்கும் அன்றே தெரிந்த தேதிதானே.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2014 டிசம்பருக்கு அப்புறம் 2022 வரை கட்டணம் ஏறவே இல்லை. நடுவில் 2016, 2019, 2021 என்று தேர்தல்கள். நுகர்வோருக்கு நல்லதுதானே என்று நினைக்கலாம். ஆனால் நஷ்டம் எங்கும் போகவில்லை, கடனாகி வட்டி போட்டு ஒரே நாளில் திரும்பி வந்தது. மின்வாரியம் மனுப் போடாமல் இழுத்தடித்தால் ஆணையம் தானாகவே எடுத்து விசாரிக்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011-லேயே சொல்லியிருக்கிறது. 2014 உயர்வே அப்படி வந்ததுதான். பிறகு அந்தக் கை ஏன் நீளவில்லை? கோட்டையின் மனசறிந்து நடந்து பழகியவர்களுக்கு யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் மோட்டாருக்கே வருகிறேன். 2023 அக்டோபரில், பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளின் பொது மீட்டருக்குக் கட்டணம் எட்டு ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 5 ரூபாய் 50 காசுக்குக் குறையும் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஆணையத்தின் உத்தரவு அதற்குப் பின்னால் வந்தது. பணம் மிச்சம், மறுக்கவில்லை. கொள்கை விஷயத்தில் அரசு ஆணையத்துக்கு வழிகாட்டலாம் என்று 108-ஆவது பிரிவும் இருக்கிறது. ஆனால் சின்னக் குடியிருப்புக்கு எட்டு ரூபாய் அதிகம் என்பது ஒரு வருடம் முன்பு உத்தரவு எழுதும்போதே தெரிந்திருக்க வேண்டாமா? வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறியவர் ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆந்திராவில் 2019-இல் ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி நாகார்ஜுன ரெட்டி தலைவரானார், இங்கேயும் அப்படி வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். வரட்டும். நீதிபதி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. எனக்கு வேண்டியது சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற, யாரும் பேசாத ஒன்று: பிரிவு 94, உட்பிரிவு 3. நுகர்வோர் தரப்பில் ஆஜராகிப் பேச ஆணையமே ஒருவரை நியமிக்கலாம். மின்வாரியம் வழக்கறிஞரும் கணக்காளரும் வைத்து மூட்டை மூட்டையாகக் காகிதம் கொண்டுவருகிறது. நம் பக்கம், கூட்டத்தில் மைக் கிடைத்தால் ஐந்து நிமிடம். அந்தப் பம்புசெட் கணக்கைப் பிரித்துக் கேட்க, சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமும் நமக்காக உட்கார ஓர் ஆள் வேண்டும். ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளராகவே இருக்கட்டும், இந்தப் பக்கம் உட்காரட்டும்.

இதைத்தான் ஒரு பக்க மனுவாக எழுதி, எட்டு வீட்டிலும் கையெழுத்துக் கேட்டேன். ஏழு பேர் போட்டுவிட்டார்கள். முதல் மாடி சார் மட்டும் "படிச்சுப் பார்த்துட்டுத் தர்றேன்" என்று வாங்கி வைத்து மூன்று வாரமாகிறது. நேற்று படியில் பார்த்தபோது, இரண்டாவது பத்தியில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது என்றார்.