சர்டிபிகேட் இல்லாதவள் பேசுகிறேன்

ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் தேன்காரர்கள் கூட்டத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும், வீடியோவும் ஆளாளுக்கு வந்துவிட்டது. "ஐஎஸ்ஓ கூட இல்லாதவங்க எல்லாம் தரத்தைப் பத்திப் பேச வந்துட்டாங்க" என்று, அப்பாவோடு தேன் விற்கும் என்னைக் குத்தி, சர்டிபிகேட் வைத்திருக்கும் அந்த அண்ணாச்சி மைக்கில் சொன்னதும் கைதட்டினார்களே, இந்தப் பதிவு அந்தக் கைதட்டலுக்கு.

சர்டிபிகேட் வாங்குவது வேறு, அதில் உள்ளபடி நடப்பது வேறு. ஜெனீவாவில் இருக்கும் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பு யாருக்கும் சர்டிபிகேட் கொடுப்பதில்லை. விதியை எழுதுவதோடு அதன் வேலை முடிந்தது. கொடுப்பது வேறு நிறுவனங்கள். அவற்றுக்குத் தகுதி உண்டா என்று பார்க்க இங்கே என்ஏபிசிபி என்ற அங்கீகார வாரியம் இருக்கிறது. அண்ணாச்சியின் சர்டிபிகேட்டில் அந்த முத்திரை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. மரியாதை. அப்புறம், ஐஎஸ்ஓ 9001 வேலை நடக்கும் முறையைப் பற்றியது, பாட்டிலில் இருக்கும் தேனுக்குக் கொடுக்கும் பட்டம் இல்லை. கடைப்பிடிப்பவர்கள் சர்டிபிகேட் வாங்கியே ஆக வேண்டும் என்று அதில் எங்கேயும் கிடையாது.

நான் ஒன்பது வருஷம் ஒரு அண்டியாபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், குவாலிட்டி பார்த்தவள். பெயர் வேண்டாம். சுவரில் கண்ணாடி போட்ட சர்டிபிகேட், அதற்குச் சந்தன மாலை வேறு. மூன்று வருஷம் செல்லும், நடுவில் வருஷா வருஷம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் சர்வைலன்ஸ் ஆடிட். முந்தின ராத்திரி எங்களுக்குச் சிவராத்திரி. ஆறு மாத ஈரப்பத ரெஜிஸ்டரை ஒரே இருப்பில் எழுதுவோம். மை ஒன்றாக இருந்தால் பிடிபடும் என்று நீலமும் கறுப்பும் மாற்றி மாற்றி. ஒரு பக்கத்தில் டீ சிந்தினால் இன்னும் விசேஷம் என்பார் மேனேஜர். ஈரப்பத மீட்டரில் பேட்டரி தீர்ந்து மாசக்கணக்காகியிருந்தது, தராசில் மட்டும் அளவு சரிபார்த்ததாகச் சொல்லும் புத்தம்புது காலிபிரேஷன் ஸ்டிக்கர். ஆடிட்டர் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு இரண்டு சின்னக் குறை எழுதிப் போனார். ஆமாம், நானும் உட்கார்ந்து எழுதினேன். கமெண்டில் யாரும் தோண்ட வேண்டாம்.

அப்பாவிடம் 9001 என்றால் பஸ் நம்பரா என்று கேட்பார். ரப்பர் துளிர்க்கும் மாதங்களில் தேனீப் பெட்டிகளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவார். (ரப்பர் தேன் பூவில் கிடைப்பதல்ல, இளம் இலைக்காம்பில் சுரப்பது.) எந்தப் பெட்டி, எந்தத் தோட்டம், என்றைக்கு எடுத்தது, எல்லாம் நோட்டில் இருக்கும். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீப்புழு நோய் வந்து நம் பக்கத்துத் தேனீக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, முதலில் போன பெட்டி எது, அதன் அடைகட்டும் மரச்சட்டங்களை என்ன செய்தார் என்றுகூட எழுதியிருக்கிறார். பிழை நடந்தால் பதிந்து வை, காரணத்தைத் தேடு, மறுபடி வராமல் பார் என்றுதானே 9001-உம் சொல்கிறது? இன்றைக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் எங்கள் தேன் பாட்டிலுக்குப் போகாது. இந்த வருஷம் இரண்டு கேன் ஒதுக்கினேன். அதுவும் நோட்டில் இருக்கிறது.

"சீச்சீ இந்தப் பழம் புளிக்கும்" என்பீர்கள். உணவு விற்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவோ லைசென்ஸோ சட்டப்படி கட்டாயம், அது என்னிடம் இருக்கிறது. ஐஎஸ்ஓ கட்டாயமில்லை. ஏற்றுமதி செய்பவரிடம் வாங்குகிறவர் கேட்கிறார், அவர் எடுக்கிறார், சரி. "நீ ஒழுங்காகச் செய்வதை எந்த வெளியாள் பார்த்தார்?" என்றால், அது நியாயமான கேள்விதான். வெளியாள் பார்ப்பது நல்லது, பார்த்தால். என்னிடம் இருக்கும் பதில் ஒன்றுதான்: வந்து பாருங்கள். கைதட்டியவர்களில் ஒருத்தராவது வந்ததுண்டா? அதில் நாலு பேர், பிள்ளைக்கு இருமல் என்று ராத்திரி எங்கள் கதவைத் தட்டி, காசு கொடுக்காமல் தேன் வாங்கிப் போனவர்கள். அன்றைக்கு அப்பா இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டார், "அந்த சர்டிபிகேட்டுக்கு எவ்வளவு ஆகும் மக்களே?"

நோட்டைக் கடை மேசையிலேயே வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். நடுவில் இரண்டு பக்கம் தேனில் ஒட்டிக் கிடக்கிறது, பிய்த்துவிடாதீர்கள்.