ஐந்து ஈர்க்குச்சிக் கடன்

மூன்றாம் வகுப்பில் ஒரு கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். தென்னை ஈர்க்குச்சிகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தோம். ஒவ்வொரு குழுவிடமும் ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் இருந்தன. இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், நாமெல்லாம் படித்த அதே சொல்லை நானும் சொன்னேன்: "பக்கத்தில் கடன் வாங்கு." ஒரு பையன் எழுந்து போய்ப் பக்கத்துக் குழுவிடம் ஐந்து குச்சிகளை நிஜமாகவே கடன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். ஏழை எடுத்து ஒதுக்கினான், இரண்டு கட்டுகளையும் ஒதுக்கினான், மூன்று கட்டுகள் மிச்சம் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "டீச்சர், அந்த அஞ்சை எப்ப திருப்பிக் கொடுக்கணும்?" என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அவன் செய்ததில் பிழையே இல்லை என்பது எனக்கு உறைத்தது. "இப்பவே கொடுத்துடு" என்றேன். கொடுப்பதற்கு அவனிடம் உதிரி ஏது? சற்று நேரம் மூன்று கட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒன்றின் ரப்பர் பேண்டைக் கழற்றி ஐந்தை எண்ணிக் கொடுத்தான். இரண்டு கட்டும் ஐந்து குச்சியும் நின்றன. 25. நான் சொல்லித்தர நினைத்த வழி வேறு, அவன் போன வழி வேறு, ஆனால் ஒரு கட்டைப் பிரித்தால் பத்து உதிரி கிடைக்கும் என்ற இடத்துக்கு அவன் தன் காலாலேயே நடந்து வந்து சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து நான் வகுப்பில் "கடன் வாங்கு" என்று சொல்வதில்லை, "கட்டைப் பிரி" என்றுதான் சொல்கிறேன்.

தொடக்கப் பள்ளியில் படைப்பூக்கச் செயல்பாடுகள் வேண்டும் என்று பயிற்சிகளிலும் சுற்றறிக்கைகளிலும் முகநூல் பதிவுகளிலும் ஓயாமல் சொல்லப்படும்போதெல்லாம் எனக்கு அந்த ஐந்து குச்சிகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு செயல்பாட்டில் குழந்தை தானாக ஏதாவது ஒரு முடிவை எடுப்பதற்கு இடம் இருக்கிறதா என்பதே என் ஒரே அளவுகோல். அந்த இடம் இல்லையென்றால், தெர்மாகோலும் ஜிகினாத் தாளும் எவ்வளவு செலவழித்து ஒட்டினாலும் அது அலங்காரம்தான். ஆசிரியர் இரவு பதினொரு மணி வரை கண்விழித்து வெட்டிய முகமூடியைக் காலையில் குழந்தை மாட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு வரியை ஒப்பிக்கிறது, படம் எடுக்கப்படுகிறது, வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல்கள் வரிசைகட்டுகின்றன. அந்த வகுப்பில் உழைத்ததும் யோசித்ததும் ஆசிரியர் ஒருவரே. இதை அடுத்தவர்மீது குற்றமாகச் சொல்லவில்லை. என் அலமாரியின் மேல்தட்டிலும் அப்படி நான்கு முகமூடிகள் தூசி படிந்து கிடக்கின்றன.

செயல்பாட்டை வகுப்பறையின் மையத்துக்குக் கொண்டுவந்த அனுபவம் நமக்குப் புதிதன்று. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளியில் உருவான, பல வகுப்புக் குழந்தைகளை ஒன்றாக உட்கார வைக்கும் பல்வகுப்புக் கற்பித்தல் முறையை முன்மாதிரியாகக் கொண்டு, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், குழந்தை தன் வேகத்தில் தானே செய்து பார்த்துக் கற்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதற்குப் பின்னால் நின்றார். சில ஆண்டுகளில் அது தமிழகத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. கற்க வேண்டியவற்றை வரிசையாகக் காட்டும் ஏணிப்படியும், ஒவ்வொரு படிக்குமான அட்டைகளும், அவற்றின் அடையாளச் சின்னங்களும் எல்லாருக்கும் நினைவிருக்கும். எனக்கு மிகவும் பிடித்தவை அவையல்ல. சுவரின் அடிப்பகுதியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கட்டம் ஒதுக்கிக் கறுப்பு வண்ணம் அடித்த கீழ்மட்டக் கரும்பலகையும், குழந்தை வரைந்ததை அன்றைக்கே தொங்கவிடுவதற்காகத் தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலும், வந்தவுடன் தன் வருகையைத் தானே குறித்துக்கொள்ளும் அட்டவணையும்தான் பெரிய மாற்றங்கள் என்று இன்றும் நினைக்கிறேன். ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். குழந்தையின் கண் மட்டத்துக்கு வகுப்பறை இறங்கி வந்தது.

பிறகு அதுவும் சடங்கானது. அட்டையை எடுப்பது, முடிப்பது, அடுத்த அட்டைக்கு ஓடுவது என்று ஆனபோது குழந்தை எதையும் தீர்மானிக்கவில்லை, ஏணிதான் தீர்மானித்தது. எங்கள் பள்ளியின் கீழ்மட்டக் கரும்பலகைகளில் பாதியை இன்று பீரோவும் அரிசி மூட்டையும் மறைத்துக்கொண்டு நிற்கின்றன. குழந்தைகளுக்கு அடிப்படை எண்ணறிவும் எழுத்தறிவும் கிடைப்பதற்காகத் தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் முறையாகவே வகுப்புக்குள் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகளுக்குப் பெயர் வைத்ததும் அழகுதான். ஆனால் பெயர் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், தான் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைக் குழந்தைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதனால் செயல்பாட்டுக்கு மட்டும் நான் மூன்று நிலைகளையும் கலந்தே உட்கார வைக்கிறேன்.

பணம் இல்லை, பொருள் இல்லை என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை குறைவு. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தோடு எழுபதுகளின் இறுதியில் சேர்ந்து பணியாற்றிய அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவியலையே கற்றுக்கொடுக்கலாம் என்று காட்டினார். வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் ஒரு குச்சியைச் செருகினால் மூட்டு தயார். (மருந்தை முதலில் நாம் சுரண்டி எடுத்துவிட வேண்டும், அந்த வேலையைக் குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது.) சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பில் முக்கோணமும் சதுரமும் செய்யச் சொல்லிவிட்டு, இரண்டையும் அழுத்திப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். சதுரம் சரிந்து சாய்சதுரமாகிவிட்டது, முக்கோணம் அசையவில்லை. "சதுரத்தையும் அசையாமல் நிறுத்த முடியுமா?" என்று கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். ஆசிரியர் வேலையில் எனக்கு மிகக் கடினமான பகுதி அதுதான். இருபது நிமிடத்துக்குப் பிறகு ஒரு பெண், மூலைக்கு மூலை குறுக்கே வைக்கக் குச்சி எட்டவில்லை என்று புகார் சொன்னாள். பிறகு ஒரு விளக்குமாற்றுக் குச்சியை அளந்து ஒடித்துக் குறுக்கே கொடுத்தாள், சதுரம் நின்றது. "எங்க வீட்டு கேட்டுல குறுக்க ஒரு கம்பி போகுதே டீச்சர், அது இதுக்குத்தானா?" என்றாள். அந்தக் கேள்வியை என்னால் எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதி வைத்திருக்க முடியாது.

நமக்கு உண்மையில் இல்லாதது நேரம். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஆகவே நானும் தலைமையாசிரியரும் ஐந்து வகுப்புகளைப் பகிர்ந்துகொள்கிறோம். நான் ஒரு குழுவோடு பாயில் உட்கார்ந்திருக்கும்போது மற்ற இரண்டு வகுப்புகள் தாமே இயங்க வேண்டும். இதற்கிடையில் நடந்த செயல்பாட்டைப் படமெடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும், சிக்னல் வேண்டுமென்றால் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். படம் ஏறும் நேரத்தில் வகுப்பு ஆறிப்போய்விடும். செயல்பாடு நடந்ததற்குச் சான்று வேண்டும் என்பவர்கள் குழந்தையிடம் ஒரு கட்டைக் கொடுத்து, ஏழு குச்சி தா என்று கேட்டுப் பார்க்கலாமே. அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

இந்த ஆண்டு ரப்பர் பேண்டுகள் தீர்ந்துவிட்டதால் குச்சிகளை வாழைநாரில் கட்டியிருக்கிறோம். முடிச்சை அவிழ்ப்பது சின்னக் கைகளுக்குச் சிரமம். நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. முன்பு எல்லாக் கணக்கிலும் எடுத்தவுடன் ரப்பர் பேண்டை உருவியவர்கள், இப்போது முடிச்சில் கை வைப்பதற்கு முன்பு உதிரிகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கிறார்கள். நேற்று ஒரு பெண் 48-இலிருந்து 25-ஐக் கழிக்கையில், "இதுக்கு அவிழ்க்கவே வேணாம் டீச்சர்" என்று கட்டுகளை ஓரமாகத் தள்ளி வைத்தாள். புதிய ரப்பர் பேண்டுப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்து மேசை இழுப்பறையில் போட்டிருக்கிறேன், அதை இன்னும் பிரிக்கவில்லை.