மிடில்செக்ஸ் கவுன்ட்டி கவுன்சிலின் ஆவணங்கள் அழிந்துவிட்டனவா?

“1965-ல் மிடில்செக்ஸ் கவுன்ட்டி கவுன்சிலைக் கலைத்தபோது அதன் ஆவணங்களையும் அழித்துவிட்டார்கள்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

இங்கிலாந்தில் லண்டனை ஒட்டியிருந்த மிடில்செக்ஸ் கவுன்ட்டியை (நம் மாவட்டம் போன்றது) நிர்வகிக்க 1889-ல் தொடங்கிய இந்த கவுன்சில் 1965 ஏப்ரல் 1-ல் முடிவுக்கு வந்தது. கவுன்ட்டியின் நிலப்பரப்பில் பெரும்பகுதி கிரேட்டர் லண்டனுக்குப் போனது. பாட்டர்ஸ் பார் ஹார்ட்ஃபோர்ட்ஷயரிலும், ஸ்டெயின்ஸும் சன்பரியும் சர்ரேயிலும் சேர்ந்தன. கவுன்சில் கூடிய கில்டுஹால் கட்டடத்தில் 2009 முதல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இயங்குகிறது. அங்கே போய்த் தேடிப் பயனில்லை. ஆவணங்கள் இருப்பது கிளெர்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆவணக் காப்பகத்தில். பட்டியலில் எம்.சி.சி. என்ற குறியீட்டில் தேடுங்கள். எல்.சி.சி. என்பது லண்டன் கவுன்ட்டி கவுன்சில், வேறு அமைப்பு; பலர் தடுமாறுவது இங்கேதான்.

1889-க்கு முந்தைய கவுன்ட்டி நிர்வாகத்தைத் தேடுபவர்கள் கவுன்சில் தொகுப்பில் எதுவும் கிடைக்காமல் ‘அழிந்துவிட்டது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்போது நிர்வாகம் நீதிபதிகளின் காலாண்டு அமர்வுகளிடம் இருந்தது. அந்த ஏடுகள் அதே காப்பகத்தில் தனித் தொகுப்பாக உள்ளன.

வீடு, நில வரலாறு என்றால் 1709-ல் தொடங்கிய மிடில்செக்ஸ் பத்திரப் பதிவகத்தின் ஏடுகளைப் பாருங்கள். அதன் அகரவரிசைப் பட்டியல் விற்றவர் பெயரில் இருக்கும். முகவரியோ வாங்கியவர் பெயரோ மட்டும் கையில் இருந்தால் தேட முடியாது. முதலில் வேறு ஆவணத்திலிருந்து விற்றவரைக் கண்டுபிடிக்க வேண்டும். 21 ஆண்டுக்கு மேற்படாத சாதாரணக் குத்தகைகளைப் பதிவு செய்யத் தேவை இருக்கவில்லை. லண்டனின் நடுவே தனி நிர்வாகம் கொண்ட சிறு பகுதியான லண்டன் சிட்டியின் சொத்துகளும் இதில் வராது.

பிறப்பு, இறப்புச் சான்று தேவைப்பட்டால் பொதுப் பதிவு அலுவலகத்தை (General Register Office) அணுகுங்கள். அது கவுன்சில் ஆவணமே அல்ல.