இருவருக்கும் 1099-சி வந்தால் இருவருக்கும் முழு வரியா?
1099-சி என்பது அமெரிக்காவில் கடன் தள்ளுபடியானதைத் தெரிவிக்கக் கடன் கொடுத்தவர் அனுப்பும் வரிப் படிவம்.
"சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடன் தள்ளுபடியானால் இருவருமே முழுத்தொகையை வருமானமாகக் காட்டணும்" என்று சிலர் சொல்வது தவறு. தயவுசெய்து அதை நம்பி வரி கட்டிவிடாதீர்கள்.

அமெரிக்காவில் 10,000 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட கூட்டுக் கடன் என்றால், கடன் கொடுத்தவர் ஒவ்வொருவருடைய 1099-சி படிவத்திலும் 2-ஆம் கட்டத்தில் முழுத்தொகையையே போட வேண்டும். அது வரித்துறைக்குத் தகவல் தருவதற்கான விதி மட்டும்தான். உங்கள் பங்கை முடிவு செய்வது வேறு: பணம் யார் கைக்குப் போனது, வட்டிக்கான வரிக் கழிவை யார் எடுத்தார், மாநிலச் சட்டம் என்ன. கண்ணை மூடிக்கொண்டு பாதி போடுவதும் சரியல்ல. வெறும் ஜாமீன்தாரருக்கு 1099-சி கொடுக்கவே தேவையில்லை. நீங்கள் கூட்டுக் கடனாளியா, ஜாமீன்தாரரா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்.

தள்ளுபடிக்குச் சற்று முன் உங்கள் மொத்தச் சொத்தைவிட மொத்தக் கடன் 7,000 டாலர் அதிகமென்றால், தள்ளுபடித் தொகையில் 7,000 வரை வருமானமாகக் காட்டுவதிலிருந்து விலக்கு (982 என்ற வரிப் படிவத்தில் 1பி கட்டம்). இந்தக் கணக்கு ஒவ்வொருவருக்கும் தனி.