கட்டிய பணத்துக்கு என் மகள் ஏன் எழுந்து நிற்க வேண்டும்?

என் மகள் தரம் ஏழில் படிக்கிறாள். திருகோணமலை நகருக்குள் இருக்கும் ஒரு தனியார் சர்வதேசப் பாடசாலை. பெயரை எழுதப் போவதில்லை. அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், என் பிள்ளை தொடர்ந்து அங்கேதான் படிக்கப் போகிறாள். ஆனால் சென்ற மாதம் நடந்ததை எழுதாமல் மனம் ஆறவில்லை.

காலையில் முதலாம் பாடவேளை. வகுப்பாசிரியை கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஐந்து பெயர்களை வாசித்திருக்கிறார். தவணைக் கட்டணம் கட்டாதவர்களின் பெயர்கள். மூன்றாவது பெயர் என் மகளுடையது. எழுந்து நின்று, "அம்மா நேற்றிரவே கட்டிவிட்டார், டீச்சர்" என்றிருக்கிறாள். "பட்டியலில் இல்லையே" என்று பதில் வந்திருக்கிறது. பின்னேரம் வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டாள்: "அம்மா, உண்மையாகவே கட்டினீர்களா?"

பெற்ற தாயைப் பார்த்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி அது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

முதல் நாள் இரவு நடந்ததைச் சொல்கிறேன். கணவர் கத்தாரில் கட்டட வேலையில் இருக்கிறார். எங்கள் வங்கிக் கணக்கு அவர் திறந்தது. அதில் பதிந்திருப்பது அவருடைய தொலைபேசி இலக்கம். அட்டையால் பணம் கட்டும்போது வங்கி அனுப்பும் ஓ.டி.பி. இலக்கம் அங்கேதான் போகும். இலங்கைச் சிம் போட்ட பழைய கைபேசி ஒன்றை அவர் தங்கும் அறையில் வைத்திருக்கிறார். வேலைத்தளத்துக்கு அதைக் கொண்டுபோக முடியாது. அவர் அறைக்குத் திரும்ப அங்கே மாலை ஆறு மணியாகும், இங்கே இரவு எட்டரை. ஆகவே தவணைக் கட்டணம் கட்ட எனக்குக் கிடைப்பது இரவு எட்டரைக்குப் பிறகுள்ள நேரம் மட்டும். பதிந்த இலக்கத்தை மாற்றலாமே என்பீர்கள். அதற்குக் கணக்குக்குரியவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டுமாம். அவர் வருவது அடுத்த வருடம்.

கடைசித் திகதி அன்று. ஒரு கைபேசியில் வட்ஸ்அப் அழைப்பில் அவர், மறு கைபேசியில் பாடசாலையின் கட்டணப் பக்கம். முதல் தடவை இலக்கம் வந்து சேருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை அவர் ஆறு இலக்கங்களை வாசிக்கும்போது நடுவில் அழைப்பு அறுந்தது. மூன்றாம் தடவை ஒவ்வொரு இலக்கமாக அவர் சொல்ல, நான் திருப்பிச் சொல்லிச் சொல்லி அழுத்தினேன். ஏற்றுக்கொண்டது. சிறிய வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பக்கம் வெறுமையாகிவிட்டது. அதற்குள் கணவர் அங்கிருந்து சொன்னார்: "காசு போய்விட்டது, குறுந்தகவல் வந்திருக்கிறது." 49,712 ரூபா 50 சதம். பாடசாலைப் பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்த்தால், சிவப்பு எழுத்தில் "செலுத்தப்படவில்லை" என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி. விடிந்தபோது அதன் கீழே தாமதக் கட்டணம் 1,500 ரூபாவும் தானாகவே ஏறியிருந்தது.

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்தவள் என்பதால், இடையில் என்ன நடந்திருக்கும் என்று பிறகு விசாரித்து அறிந்துகொண்டேன். அட்டை இலக்கத்தையும் ஓ.டி.பி.யையும் நாம் கொடுத்ததும் வங்கி பணத்தைக் கணக்கிலிருந்து பிடித்துக்கொண்டு, பாடசாலைக்காகப் பணம் பெறும் கம்பனிக்கு "சரி" என்று சொல்கிறது. அந்தச் "சரி"யை அந்தக் கம்பனி பாடசாலையின் கணினிக்குச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது செய்தி வழியில் நின்றுவிட்டால், பணம் நம்மிடமும் இல்லை, பிள்ளையின் பெயருக்கு நேரே வரவும் இல்லை. ஆனால் பணம் காணாமல் போவதில்லை. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஓர் இலக்கம் உண்டு. கம்பனி அன்றன்று பெற்ற தொகைகளின் பட்டியலில் அந்த இலக்கம் இருக்கும். அந்தப் பட்டியலையும் பாடசாலையின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும். வங்கிக் கணக்கிணக்கக் கூற்று என்று பாடசாலையிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அதே வேலைதான். காரியாலயத்தில் ஒருவர் காலையில் சற்று நேரம் செலவழித்தால் முடிந்துவிடும்.

அதை யாரும் செய்யவில்லை. ஒன்பது நாள் நான் அலைந்தேன். காரியாலயத்தில், "எங்கள் கணினியில் வரவில்லை, கம்பனிக்கு மின்னஞ்சல் போடுங்கள்" என்றார்கள். வங்கியில், "எங்கள் பக்கத்தில் சரி, பாடசாலையைக் கேளுங்கள்" என்றார்கள். கொழும்பிலுள்ள கம்பனியிடமிருந்து ஒரே ஆங்கில வாசகம் மூன்று முறை வந்தது. பாடசாலையில் ஒருவர், "இப்போதைக்கு இன்னொரு முறை கட்டிவிடுங்கள், முதல் காசு வந்தால் அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளலாம்" என்று ஆலோசனை சொன்னார். இன்னுமொரு ஐம்பதாயிரத்துக்கு நான் எங்கே போவேன்? கடைசியில் ஒன்பதாம் நாள், பணம் முதல் இரவே கம்பனிக்குக் கிடைத்துவிட்டது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. தாமதக் கட்டணத்தை நீக்க இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. வகுப்பில் எழுந்து நின்ற பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முன்பு வங்கிக்குப் போய், வைப்புச் சிட்டையை நிரப்பி, பிள்ளையின் பெயரையும் சேர்விலக்கத்தையும் எழுதிப் பணம் கட்டினோம். முத்திரை குத்திய துண்டு ஒன்று நம் கையில் இருக்கும். அதைக் காட்டினால் பேச்சு முடிந்தது. வரிசையில் நிற்க வேண்டியிருந்தது உண்மை. ஆனால் கட்டியதற்கு அத்தாட்சி நம்மிடம் இருந்தது. இப்போது கட்டினேன் என்று நிரூபிக்க ஓடுகிறவள் நான். கிடைத்ததா என்று தேட வேண்டியவர்கள் கதிரையில் இருக்கிறார்கள். பணம் பெறுகிறவர் செய்ய வேண்டிய வேலையைக் கட்டுகிறவரின் தலையில் இறக்கி வைத்துவிட்டு அதற்கு வசதி என்று பெயர் சூட்டியிருப்பதுதான் என் கோபம்.

இணையவழிக்கு நான் எதிரானவள் அல்லள். மின்சாரப் பட்டியலையும் தண்ணீர்ப் பட்டியலையும் கணவர் அறையில் இருந்துகொண்டே கைபேசியில் கட்டிவிடுகிறார். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனுக்குடன் பணம் அனுப்பும் செப்ட்ஸ் முறை இந்த நாட்டில் 2015 முதல் இருக்கிறது. நகரத்துக் கடைகளில், கைபேசியால் ஸ்கேன் செய்து பணம் கட்டும் லங்கா கியூஆர் குறியீட்டைப் பார்க்கிறோம். பாடசாலை தன் கணக்கிலக்கத்தைத் தந்து, குறிப்பில் சேர்விலக்கத்தை எழுதுங்கள் என்று சொன்னால் போதுமே. நடுவில் ஒரு கம்பனி எதற்கு? அந்தக் கம்பனிக்கு, தவணைக் கட்டணமான 48,500 ரூபாவோடு மேலதிகமாக நூற்றுக்கு இரண்டரை வீதம், 1,212 ரூபா 50 சதம், நான் ஏன் கொடுக்க வேண்டும்? அட்டையால் பணம் பெறும் வணிகர் அதற்கென்று வாடிக்கையாளரிடம் மேலதிகமாக அறவிடக் கூடாது என்று மத்திய வங்கி பகிரங்கமாகவே அறிவித்திருக்கிறது. அதைக் காரியாலயத்தில் சொன்னபோது, "இது வசதிக் கட்டணம், அட்டைக் கட்டணம் அல்ல" என்றார்கள். பெயரை மாற்றினால் பிடுங்கிய காசு திரும்பி வந்துவிடுமா?

அந்தப் பக்கத்தில் இன்னுமொரு தொல்லை. பணம் கட்டுபவரின் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பனின் பெயரின் முதலெழுத்தைத்தானே போடுகிறோம். ஓர் எழுத்தைப் போட்டால் ஏற்காது, குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்கிறது. தகப்பனின் முழுப்பெயரைப் போட்டால் அட்டையிலுள்ள பெயரோடு பொருந்தவில்லை என்கிறது. தமிழர்கள் வாழும் ஊரில் தமிழ்ப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கும் பக்கம், தமிழ்ப் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களால் செய்யப்பட்டிருக்கிறது. தமிழில் ஒரு சொல்லும் இல்லை. ஆங்கில மொழிமூலப் பாடசாலைதானே என்று ஒருவர் சொன்னார். படிப்பது பிள்ளை, கட்டுவது நாங்கள்.

என் கதையைவிட என்னை அதிகம் வருத்துவது திருக்கடலூரிலிருந்து வரும் ஓர் அக்காவின் நிலை. அவருடைய மகனும் அதே பாடசாலை. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். கடல் வருமானம் மாதக் கடைசியில் வங்கிக்கு வருவதில்லை. பாடு பட்ட நாளில் கையில் காசாக வரும். மார்கழி, தை மாதங்களில் இந்தக் கரையில் வாடைக்காற்று வீசி, கடல் கொந்தளித்து, வள்ளம் இறக்க முடியாத நாட்களே அதிகம். முதலாம் தவணைக் கட்டணம் வருவதும் தை மாதத்தில்தான். முன்பிருந்த காசாளர் இதையெல்லாம் அறிந்தவர். அக்கா பத்தாயிரமாகவும் ஐயாயிரமாகவும் கொண்டுபோய்க் கொடுப்பார், அவர் பேரேட்டில் எழுதிக்கொண்டு பற்றுச்சீட்டுக் கொடுப்பார். மாசி, பங்குனிக்குள் கணக்கு முடிந்துவிடும். ஒரு தவணையும் அவர் நிலுவை வைத்ததில்லை.

புதிய பக்கத்தில் பாதித் தொகை போட முடியாது. முழுத்தொகை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. காரியாலயத்தில் காசு வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். நான் என் காசைத் தேடி அலைந்த நாட்களில் ஒருநாள் அந்த அக்கா யன்னலோரம் நின்றிருந்தார். கைக்குட்டையில் முடிந்த நோட்டுகள். உள்ளே இருந்த பெண், "காசு எடுப்பதில்லை அக்கா, ஒன்லைனில்தான்" என்றாள். அவள் மரியாதையாகத்தான் சொன்னாள், அவளுக்கு மேலிடத்துக் கட்டளை. அக்கா முடிச்சை அவிழ்த்த கையோடு அப்படியே நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, கள்ள நோட்டு என்று நினைக்கிறார்களா?" என்று கேட்டார். அவர் விளங்கிக்கொண்டது அதுதான். இலங்கை மத்திய வங்கி அச்சிட்ட நோட்டை இலங்கையில் ஒரு பாடசாலை ஏன் வாங்க மறுக்கிறது என்பதற்கு வேறு என்ன காரணம் அவருக்குத் தோன்றும்?

இப்போது அவர் கைமாற்று வாங்கி முழுத்தொகையும் சேர்த்து, நகரத்தில் ஒரு கடையில் கொடுக்கிறார். கடைக்காரர் தன் அட்டையால் கட்டிவிட்டு ஐந்நூறு ரூபா எடுத்துக்கொள்கிறார். பற்றுச்சீட்டு கடைக்காரரின் மின்னஞ்சலுக்குப் போகிறது. நாளைக்கு எனக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்தால், அக்காவின் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

இலவசக் கல்வி உள்ள நாட்டில் ஏன் காசு கட்டிப் படிப்பிக்கிறாய் என்று சிலர் கேட்பீர்கள். கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா 1945 இல் திறந்துவிட்ட கதவால் உள்ளே போனவள்தான் நானும். இந்த ஊர் அரச பாடசாலையில் ஒரு சதம் கட்டணம் இல்லாமல் படித்தேன், அந்த நன்றி எனக்கு உண்டு. பிள்ளைக்கு ஆங்கிலம் நன்றாக வர வேண்டும், தன்னைப்போல் அவள் வெயிலில் நிற்கக் கூடாது என்பது அவள் தகப்பனின் ஆசை. அதைத் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. தவிரவும் இது தனியார் பாடசாலைகளோடு நிற்கப் போவதில்லை. அரசாங்கத்துக்குச் செலுத்தும் பணத்துக்காக கவ்பே என்ற முறை 2025 பெப்ரவரியில் தொடங்கப்பட்டது. அரச பாடசாலைகளில் வாங்கும் வசதிகள் கட்டணமும் ஒருநாள் கைபேசிக்குள் போகும். அப்போது மூதூரிலும் வெருகலிலும் உள்ள தாய்மார் என்ன செய்வார்கள் என்பதை இப்போதே கேட்டு வைப்போம்.

முறையிட எங்கே போவது என்று நான் தேடியதையும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும். இத்தகைய சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதியப்பட்டவை. வலயக் கல்வி அலுவலகத்தில் சொன்னால் அவர்கள் கையை விரிக்கிறார்கள். வங்கி பற்றிய முறைப்பாட்டை முதலில் வங்கிக்கே எழுத்தில் கொடுத்து, பதில் சரியில்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்குக் கொண்டுபோகலாம், தொலைபேசி 1935. சேவை வழங்கும் கம்பனி பற்றியதென்றால் நுகர்வோர் அதிகாரசபை, 1977. எதற்கும் கொடுக்கல் வாங்கல் இலக்கம் வேண்டும். பணம் வெட்டப்பட்ட குறுந்தகவலை அழிக்காதீர்கள். பக்கம் வெறுமையானால் அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள். முதல் பணம் எங்கே என்று தெரியாமல் இரண்டாம் முறை கட்டாதீர்கள்.

அதிபருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். காரியாலயத்தில் மீண்டும் காசு வாங்க வேண்டும், பகுதி பகுதியாகவும் வாங்க வேண்டும். வங்கிக் கணக்கிலக்கம் தர வேண்டும். வங்கிக் குறுந்தகவலைக் காட்டினால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடுவது பாடசாலையின் பொறுப்பாக இருக்க வேண்டும். கட்டணம் பற்றிய எந்தப் பேச்சும் பெற்றோருடன் மட்டுமே. எந்தப் பிள்ளையின் பெயரையும் வகுப்பில் வாசிக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை மகள்தான் கேட்டு எழுதுவித்தாள். அன்றைக்கு அவளோடு எழுந்து நின்றவர்களில் ஒருத்தியின் தகப்பன் மூன்று மாதமாகப் படுத்த படுக்கையாம். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் நின்றதாம்.

இதுவரை பதினேழு பேர் கையெழுத்திட்டிருக்கிறோம். திருக்கடலூர் அக்கா தமிழில் முழுப்பெயரையும் எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குப் பாடசாலை வாசலில் கூடி, ஒன்பது மணிக்கு உள்ளே போகிறோம். இதைப் படிக்கும் எங்கள் பாடசாலைப் பெற்றோர் முடிந்தால் வாருங்கள். குறுந்தகவலின் பிரதியோ பற்றுச்சீட்டோ இருந்தால் எடுத்து வாருங்கள். வர முடியாதவர்கள் வியாழக்கிழமை இரவுக்குள் எனக்குச் செய்தி அனுப்பினால், கடிதத்தைக் கையெழுத்துக்காக வீட்டுக்கே கொண்டு வருகிறேன்.