இணையம் மத்திய அரசுடையது என்றால் நிலம் யாருடையது?

நேற்று நம் ஃப்ளாட் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். வராதவர்களுக்காக: பினாங்கின் பழைய ஃப்ளாட்டுகளுக்கு ஃபைபர் (கண்ணாடியிழைக் கேபிள்) இணையம் கொண்டுவர மாநில அரசு ஏதாவது செய்யுமா என்பதுதான் கேள்வி. "இணையமெல்லாம் மத்திய அரசு விவகாரம், மாநிலத்தால் ஒன்றும் செய்ய முடியாது." அவ்வளவுதான் பதில். அடுத்து குப்பைத்தொட்டி விஷயத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு இரவெல்லாம் தூக்கமே இல்லை.

மலேசிய அரசியலமைப்பில் அதிகாரங்களைப் பிரிக்கும்போது தொலைத்தொடர்பு மத்தியப் பட்டியலில்தான் இருக்கிறது, சரி. ஆனால் நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறதே! சாலையோரம் தோண்டிக் கேபிள் புதைக்க, கோபுரம் எழுப்ப, கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்க, எல்லாவற்றுக்கும் மாநிலத்திடமும் மாநகர் மன்றத்திடமும்தானே போக வேண்டும்? புதுக் கட்டடங்களில் தண்ணீர், மின்சாரம் மாதிரி தொலைத்தொடர்பு இணைப்பும் இருந்தாக வேண்டும் என்று கட்டடத் துணைச் சட்டத்தைத் திருத்தியது இதே பினாங்கு அரசுதான். நல்ல காரியம், அன்றைக்கே பாராட்டினேன். அப்படியானால் பழைய ஃப்ளாட்டில் இருப்பவனுக்கு மட்டும் அது ஏன் அடிப்படை வசதி இல்லை?

நான் கேட்பது ஒன்றுதான். பழைய மலிவு விலை ஃப்ளாட்டுகளில் மாநிலமே பொது ஃபைபர் போடட்டும். கீழ்த்தளத்திலிருந்து மேல்மாடி வரை ஒரே கட்டமைப்பு, எந்த நிறுவனமும் வாடகை கட்டி அதில் சேவை தரட்டும். இது நடக்காத கதை இல்லை. 2021இல் டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கி, 5ஜிக்கு ஒரே கட்டமைப்பு, எல்லா நிறுவனமும் பகிர்ந்துகொள்ளட்டும் என்று இந்த நாடே செய்து காட்டியது. 'அப்புறம் இரண்டாவது கட்டமைப்பு வந்துவிட்டதே' என்று யாராவது வருவீர்கள். வரட்டும், எங்கள் புளோக்கில் இன்னும் ஒன்றுகூட வரவில்லை.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அக்காள் மகள் ஐந்தாம் படிவம். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். அந்த வருஷம் 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது நினைவிருக்கும். வீட்டுக்குள் லைன் கிடைக்காது. மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து, கைப்பேசியை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துத்தான் பாடம் கேட்பாள். மார்க்கெட் பையோடு ஏறி இறங்குபவர்களுக்கு வழிவிட எழும்போதெல்லாம் லைன் அறுந்துபோகும், வகுப்பில் வராதவர் பட்டியலில் அவள் பெயர் ஏறும். ஃபைபருக்கு விண்ணப்பித்தால் 'போர்ட் ஃபுல்', அதாவது புது இணைப்புக்கு இடமில்லை என்றார்கள். இன்றைக்கும் அதே பதில்தான்.

'நிறுவனங்களுக்கு லாபமில்லை, எப்படி வருவார்கள்?' லாபமில்லாததால்தானே அரசைக் கேட்கிறோம்! 'ஐந்து ஜி சிம் வாங்கிக்கொள்ளுங்கள்.' மூன்று பிள்ளைகள் படிக்கிற வீட்டில் ஒரு சிம்மை வைத்து என்ன செய்வது? செலவு அதிகமாகும் என்பது நியாயமான கேள்வி, கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும், அதை மறுக்கவில்லை.

ஆனால் நேற்று பின்வரிசையில் ஒருவர் சொன்னாரே, 'மெயின்டெனன்ஸ் காசு கட்டாதவர்களுக்கு இன்டர்நெட் ஒரு கேடா' என்று, அதைத்தான் தாங்க முடியவில்லை. என் அம்மா ரசீதுகளை பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருக்கிறார், ஒரு மாதம் விட்டதில்லை. தோட்டத்தை விற்றபோது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை விட்டு இங்கே வந்த குடும்பங்கள் நாங்கள். அங்கேயும் எல்லா வசதியும் கடைசியாகத்தான் வந்தது. இங்கேயும் கடைசி வரிசைதானா? சிலர் கட்டவில்லை என்பதற்காகக் கட்டடம் முழுக்க இருக்கும் பிள்ளைகளைத் தண்டிப்பீர்களா?

சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் இந்தப் பதிவைப் படிப்பவர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும். எந்தெந்த ஃப்ளாட்டில் ஃபைபர் இல்லை, எங்கே போர்ட் நிரம்பிவிட்டது என்ற பட்டியலை அடுத்த கூட்டத்தொடரில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். எங்கள் புளோக்கின் விவரத்தை நான் எழுதித் தருகிறேன்.