உங்களுக்கென்னங்க, பென்ஷன் வருது!

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறுகிறது. வீட்டு வரி கட்டப் போனால் சொல்கிறார்கள். ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதும் இடத்தில் சொல்கிறார்கள். சம்பந்தி சொல்கிறார், பால்காரர் சொல்கிறார், மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கிற பையன் கூடச் சொல்கிறான். "உங்களுக்கென்னங்க ஐயா, மாசமானா பென்ஷன் வந்துருது."

வருகிறது சாமி. 2,130 ரூபாய் வருகிறது. 2013-இல் மில்லை விட்டு வெளியே வந்தபோது என்ன வந்ததோ அதே 2,130. நடுவில் ஒரு ரூபாய் ஏறவில்லை. அன்றைக்கு பேக்கரியில் டீ என்ன விலை, இன்றைக்கு என்ன விலை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பென்ஷன் என்று சொன்னதும் சனங்களுக்குத் தாலுக்கா ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர்தான் கண்ணுக்குத் தெரிகிறார். எல்லாப் பென்ஷனும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் கோயமுத்தூரை அடுத்த இருகூர்ப் பக்கம் ஒரு மில்லில், நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மிஷினில் நின்றவன். 1978-இல் சேர்ந்து, 58 வயது முடிய வேலை. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று மாறி மாறி நின்று, கல்யாணமான புதுசில் பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததைவிட ஸ்பிண்டிலைப் பார்த்ததுதான் அதிகம். எங்களைப் போன்றவர்களுக்கு வருவது பி.எஃப். பென்ஷன், அதாவது 1995-ஆம் வருடத்துத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், இ.பி.எஸ். 95 என்பார்கள்.

அதில் எப்படி இவ்வளவு குறைச்சலாக வரும் என்று சிலர் என்னையே சந்தேகமாகப் பார்க்கிறார்கள், நான் ஏதோ மறைக்கிறேன் என்பது போல. அவர்களுக்காகக் கணக்கையே சொல்லிவிடுகிறேன். சம்பளத்தைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் அந்தச் சம்பளம் நீங்கள் கையில் வாங்கின சம்பளம் இல்லை. அதற்கு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். நான் வெளியே வந்தபோது 6,500. முதலாளி கட்டுகிற 12 சதவீதத்தில் 8.33 மட்டும்தான் பென்ஷனுக்குப் போகும், அதுவும் இந்த 6,500-க்குத்தான். மாதம் 541 ரூபாய். திட்டமே 1995 நவம்பர் 16-இல்தான் ஆரம்பித்தது என்பதால், அதற்கப்புறம் நான் நின்ற 18 வருடம்தான் இந்தச் சூத்திரத்தில் வரும். 6,500-ஐ 18-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்துப் பாருங்கள். 1,671.

அப்ப அதற்கு முன்னால் நின்ற பதினேழு வருடம்? பஞ்சுத் தூசி தலைமுடியிலும் புருவத்திலும் அப்பி, இருபத்தைந்து வயதிலேயே கிழவன் மாதிரி வீட்டுக்கு வந்த அந்தப் பதினேழு வருடம்? அதற்கு 1971-இல் போட்ட குடும்ப ஓய்வூதியத் திட்டத்தில் இருந்ததால் தனியாக ஒரு அட்டவணை. அதைப் பார்த்து நானூற்று ஐம்பது சொச்சம் சேர்த்தார்கள். ஆக மொத்தம் 2,130. கணக்கில் தப்பே இல்லை. மூன்று பேரிடம் கொடுத்துச் சரிபார்த்தாயிற்று. அதுதான் வயிற்றெரிச்சலே. தப்பு இருந்தால் மனு போடலாம், சரியாக இருக்கிற கணக்கை என்ன செய்வது?

நான் வந்த அடுத்த வருடம், 2014 செப்டம்பரில், உச்சவரம்பை 15,000 ஆக்கினார்கள். என் நேரம். 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டில், உச்சவரம்பைத் தாண்டி வாங்கின சம்பளத்துக்கே பென்ஷன் போடும் கூடுதல் பென்ஷன் பற்றித் தீர்ப்பு வந்தபோது பேக்கரியில் ஒரே கொண்டாட்டம். பேப்பரை வாங்கி எங்கள் பெஞ்சுக் கூட்டாளி வாத்தியார் நிறுத்தி நிறுத்திப் படித்தார். 2014 செப்டம்பர் 1-க்கு முன்னால், கூடுதல் பென்ஷன் வேண்டும் என்று விருப்பம் எழுதிக் கொடுக்காமல் ரிட்டயர் ஆனவர்களுக்கு இது கிடையாது என்கிற வரி வந்ததும் மெல்லக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பொழுதோட அந்த பேக்கரி பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்து நாயம் பேசுவதுதான் எங்களுக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு. கோயமுத்தூர்ப் பக்கம் பேக்கரி இல்லாத தெரு ஏது? வாத்தியார் அரசுப் பள்ளியில் இருந்து வந்தவர். ஒருவர் பஸ் கண்டக்டர். இன்னொருவர் சோமனூர்ப் பக்கத்தில் தறி ஓட்டினவர், கூலிக்கு நெசவு. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் மூன்று இடத்தில்தான் வந்து நிற்கும்: நேற்று ராத்திரி என்ன சாப்பாடு, மருமகள் என்ன சொன்னாள், பென்ஷன் ஏறுமா ஏறாதா.

வாத்தியாருக்கு வருடத்துக்கு இரண்டு தரம், சனவரிக்கும் சூலைக்கும், அகவிலைப்படி கணக்கு உண்டு. அரியர் வந்த மாதம் எங்கள் எல்லாருக்கும் தேங்காய் பன் அவர் செலவு. கொடுக்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். பாவம், அவர் என்ன செய்வார்? அவர் வாங்குவது சரிதான். ஒரு மனுஷன் வேலை செய்து ஓய்ந்தபின் விலைவாசிக்குத் தக்கபடி கொடுப்பதுதான் நியாயம். எனக்கு ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. விலைவாசி வாத்தியார் வீட்டுக்கு ஒரு வழியாகவும் என் வீட்டுக்கு இன்னொரு வழியாகவுமா வருகிறது? கண்டக்டர் கதை வேறு. போக்குவரத்துக் கழகத்தில் ரிட்டயர் ஆனவர்களுக்கு அகவிலைப்படி உயர்வைப் பல வருடம் நிறுத்தி வைத்து, அதற்காக ரோட்டில் உட்கார்ந்து, கோர்ட்டுக்குப் போய், அது ஒரு தனிப் புராணம்.

தறிக்காரர் மட்டும் ஒன்றும் பேச மாட்டார். அவருக்கு எந்தப் பென்ஷனும் இல்லை. "ஏனுங்க மாமா, உங்களுக்கு வருதல்லோ, அதச் சொல்லுங்க" என்று ஒருநாள் சொன்னார். அவர் சொன்னபோது மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொல்ல அவர் ஒருவருக்குத்தான் உரிமை இருக்கிறது. மாதம் ஐம்பதாயிரம் சம்பளம் வாங்குகிற தங்கை மகனுக்கு இல்லை.

சரி, இந்தக் குறைந்தபட்சப் பென்ஷன் என்று ஒன்று இருக்கிறதே, அந்தக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2014 செப்டம்பரில் ஆயிரம் என்று வைத்தார்கள். அதற்கு முந்தின வருடமே பகத்சிங் கோஷியாரி தலைமையிலான ராஜ்யசபா மனுக்கள் குழு மூவாயிரமாவது கொடுங்கள் என்று பரிந்துரை செய்திருந்தது. மூவாயிரம் ஃபைலில் கிடக்கிறது, ஆயிரம் பேங்கில் விழுகிறது. எங்கள் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகையே 2023-இல் 1,200 ஆகிவிட்டது. அது ஆதரவில்லாத வயசாளிகளுக்கு அரசாங்கம் கொடுப்பது, கொடுக்க வேண்டியதுதான், இன்னும் கூடவே கொடுக்கலாம். ஆனால் மாதாமாதம் என் பேரில் பணம் பிடித்துக் கட்டின திட்டத்தின் அடிமட்டம் அதைவிடக் குறைச்சலாக இருக்கிறதே, இதை எந்த ஊர் நியாயத்தில் சேர்ப்பது? கேட்டால் நிதியம் தாங்காது என்கிறார்கள். நாங்கள் தாங்கினோமே.

இனி வீட்டுக்கு வருகிறேன். 2,130-இல் என்ன வரும்? ஒரு காஸ் சிலிண்டர் எடுத்து, தூக்கிக்கொண்டு வருகிற ஆளுக்கும் கொடுத்தால் பாதிக்குக் கிட்டப் போயிற்று. பிரஷர், சர்க்கரை இரண்டுக்கும் மாத்திரை வாங்கினால் மீதியில் முக்கால்வாசி காலி. அப்புறம் இருப்பதற்குச் செக்கில் ஆட்டின கடலெண்ணெய் ஒரு லிட்டர் வாங்கலாம், அத்தோடு அடுத்த மாதம் வரைக்கும் பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை. ரேஷன் அரிசி இனாம், துவரம்பருப்பு கிலோ முப்பது ரூபாய், பாமாயில் இருபத்தைந்து. அது இருப்பதால் அரிசியும் பருப்புமாகப் பொங்கி, மேலே ஒரு கரண்டி நெய் விட்டுச் சாப்பிடுகிறோம். நெய் ஊத்துக்குளி வெண்ணெய் காய்ச்சினதாக இருந்த காலம் போய்விட்டது, இப்போது பாக்கெட் நெய்தான், அதையும் மருமகள் பார்த்துப் பார்த்து விடுகிறாள். "கொலஸ்ட்ரால் மாமா" என்கிறாள். நல்ல பிள்ளை, குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பிள்ளை போன மாதம் ஒரு டப்பா வாங்கி வந்தது. சிறுதானியக் கஞ்சி மிக்ஸாம். அரைக் கிலோ, முந்நூறு ரூபாய்க்கு மேல். திறந்து மோந்து பார்த்தால் கம்பு, சோளம், ராகி, கொஞ்சம் ஏலக்காய். எங்கள் அப்பாரு காலத்தில் கம்பஞ்சோறு தின்கிறவன் என்று பந்தியில் கேலி செய்தார்கள், நெல்லுச்சோறு நோம்பிக்கு நோம்பிதான். 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று உலகமே கொண்டாடினதும் கொண்டாடினார்கள், அந்தக் கம்பு டப்பாவில் ஏறி என் பென்ஷனில் ஏழில் ஒரு பங்கை விலையாகக் கேட்கிறது. எனக்குக் கம்பு வேண்டுமென்றால் தோட்டத்துக்காரப் பங்காளியிடம் கேட்டால் ஒரு படி கொடுத்துவிடுவான், ஆட்டி, கரைத்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிக்கத் தெரியாதா? சொன்னால், "உங்க பென்ஷன் காசு ஒண்ணும் இல்லீங்க மாமா, நான் வாங்குனது" என்கிறாள். அது வேறு குத்துகிறது.

இத்தனைக்கும் மேலே, வருடத்துக்கு ஒரு தரம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். உயிர்வாழ் சான்று. முன்னால் பேங்கில் போய் நின்றால் மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்து, "வாங்க, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்போது டிஜிட்டல். ஆதாரில் இருக்கிற ரேகையும் என் விரலும் ஒத்துப்போக வேண்டும். முப்பத்தைந்து வருடம் ரிங் ஃபிரேமில் அறுந்த நூலைப் பிடித்து விரல் நுனியால் ஒட்டினவனுக்கு ரேகை எங்கே இருக்கும்? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வழவழவென்று கிடக்கிறது. அதைப் போய் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைக்கச் சொல்கிறார்கள்.

போன தரம் போனபோது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் பையன் ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னான். சிவப்பு லைட். ஈரத்துணியில் துடைக்கச் சொன்னான், சிவப்பு. தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைக்கச் சொன்னான், சிவப்பு. பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். கடைசியில் இடது கை மோதிர விரல் எப்படியோ ஏறியது. அந்த விரலில்தான் நான் வேலையே செய்யவில்லை போலிருக்கிறது. பி.எஃப். பென்ஷனுக்கு நவம்பர் என்று கட்டாயம் இல்லை, எந்த மாதம் கொடுத்தாலும் அதிலிருந்து ஒரு வருடத்துக்குச் செல்லும். அது ஒன்றாவது நல்லது செய்தார்கள். தபால்காரர் வீட்டுக்கே வந்தும் எடுத்துக் கொடுக்கிறார். படுத்துக் கிடக்கிறவர்களுக்கு அது உபகாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கொண்டுவருகிற மிஷினும் விரலைத்தானே கேட்கும்.

விரல் ஏறவில்லை என்றால் முகத்தைக் காட்டலாம் என்று 2021-இல் ஒரு வழி வைத்தார்கள். போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். கண்டக்டருக்கு கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு கண்ணில் ஓயாமல் தண்ணீர். அவர் சிமிட்டுவது அதற்குப் பிடிக்கவில்லை. "நல்லா சிமிட்டுங்க தாத்தா, இன்னும் நல்லா" என்று பேரன் கத்த, இவர் மூஞ்சியைக் கோணிக்கொண்டு சிமிட்ட, பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. எங்களுக்கும் அன்றைக்குச் சிரிப்புத்தான். வீட்டுக்கு வந்து படுத்தபிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பேரன் இல்லாத வீட்டில், நல்ல போன் இல்லாத வீட்டில் யார் சிமிட்ட வைப்பது? தேதி தாண்டினால் பணம் நின்றுவிடும். அப்புறம் சான்று கொடுத்தால் நின்ற பணமும் சேர்ந்து வரும், வராமல் போகாது. ஆனால் அதுவரை மாத்திரைக்கு யாரிடம் கை நீட்டுவது? மகனிடமா? "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதேப்பா" என்பான்.

இன்னொன்று. நான் போய்ச் சேர்ந்தால் வீட்டுக்காரிக்கு இதில் பாதி வரும். 1,065 ரூபாய். அதற்கும் வருடா வருடம் அவள் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். நான் மில்லுக்குப் போன காலமெல்லாம் கூலிக்குப் புளி தட்டி, கொட்டை எடுத்து, கடலைக்காய் உரித்த கை அது. என் விரலைவிட மோசம். மிஷின் கண்டிப்பாகக் கேட்காது. முகத்தைக் காட்டச் சொல்வார்கள், சிமிட்டச் சொல்வார்கள். அவள் சிமிட்ட மாட்டாள். முறைத்துத்தான் பார்ப்பாள்.